ஞாயிற்றுக்கிழமைத் தவளை

ஒரு தவளை தூங்குகிறதா, செத்துப்போய்விட்டதா என்று பார்த்தவுடன் உங்களால் சொல்ல முடியுமா? அரிமுராவால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஆலைக்குக் கிளம்பியபோது அது கண்ணாடித் தொட்டிக்குள் ஈர மண்ணில் பாதி புதைந்து, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அதே இடம், அதே முகம். கொம்புத் தவளையின் சுபாவம் அது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். ஒரு வாரம் ஆனாலும் இருந்த இடத்தைவிட்டு நகராது. தீனி வந்தால் மட்டும் பாயும். அவர் கோட்டைக் கழற்றி மாட்டினார், கால்களில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்தார், தீனி மாவைத் தண்ணீர் விட்டு உருட்டி, இடுக்கியில் பிடித்து அதன் மூக்குக்கு நேரே ஆட்டினார். பாயவில்லை. இடுக்கி நுனியால் தொட்டார். கண் மூடவில்லை. கடைசியில் விரலால் தொட்டார். உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது, சரிந்தபடியே கிடந்தது.

அரிமுராவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இன்னும் ஒரே ஒரு நாள்தான் நடுவில் இருக்கிறது, நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்ற நினைப்புதான்.

அவருக்குச் சொந்த ஊர் ஜப்பானின் தெற்கே, தனேகாஷிமா தீவு. அங்கே கரும்பாலையில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தார். போன ஏப்ரலில் கம்பெனி அவரை வடகோடியில், ஹொக்காய்டோவில் இருக்கும் பீட்ரூட் சர்க்கரை ஆலைக்கு மாற்றியது. அந்த நாட்டில் இப்படி மாற்றல் வந்தால், பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்கிற வீடுகளில் அப்பா மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார், மற்றவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அதை யாரும் கஷ்டம் என்று சொல்லிக்கொள்வதில்லை. மனைவி ரிட்சுகோ உள்ளாடைகளை எண்ணி அடுக்கினாள். மகள் மதோகாவுக்குப் பதினாறு வயது. அவள் தன் அறையிலிருந்து தவளைத் தொட்டியைத் தூக்கி வந்து அவர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த வருஷம் கல்லூரி நுழைவுத் தேர்வு, வீட்டில் இனிமேல் தவளை கிவளை கூடாது என்று ரிட்சுகோ சொல்லியிருந்தாள். அதனால்தான். ஆனால் மதோகா ஒரு நிபந்தனை போட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் அதைக் காட்ட வேண்டும்.

தவளையின் பெயர் ஹெச்சிமா. பீர்க்கங்காய் என்று அர்த்தம். நிறத்தைப் பார்த்து அவள் வைத்த பெயர்.

அதற்கு முன்பு அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம்கூட வராது. சாப்பிட்டியா, ம், குளிச்சியா, ம். கூச்சம்தான், வேறு சண்டை எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தபோது அந்தக் கூச்சம் தெரியவில்லை. தொட்டி வடக்கே வந்த பிறகு ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் தானாகக் கூப்பிட்டாள். எடுத்தவுடன், "காட்டு" என்பாள். அவர் கைபேசியைத் தொட்டிப் பக்கம் திருப்புவார். அவள் கேள்வி கேட்பாள், அவர் பதில் சொல்வார். தவளை பேச்சு முடிந்ததும் சில சமயம் பேச்சு வேறு எங்காவது போகும். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் விக் வைத்திருப்பது, அம்மா புதுப் பானையை உடைத்தது. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அரிமுரா வாரம் முழுக்க இருந்தார். திங்கட்கிழமையே அடுத்த ஞாயிற்றுக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இப்போது தவளை இல்லை. அவள் கூப்பிடுவதற்குக் காரணமும் இல்லை. அதுதான் அவருடைய பயம்.

இன்னொன்றும் இருந்தது. அவள் முதலில் கேட்கப்போவது ஏன் என்று. அதற்கு அவரிடம் பதில் இல்லை. தொட்டியைக் கதகதப்பாக வைத்திருக்கும் மின்சாரச் சூட்டுப் பலகை எரிந்துகொண்டிருந்தது. வெப்பமானி இருபத்தாறு டிகிரி காட்டியது. தண்ணீர் முந்தின நாள்தான் மாற்றியது, குளோரின் போவதற்கு வைத்திருந்து மாற்றியது. செவ்வாய்க்கிழமை நன்றாகத் தின்றது. வயதும் ஐந்துதான், இன்னும் அத்தனை வருஷம் இருக்க வேண்டியது.

அவர் மிருக வைத்தியர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். நாய் பூனை மட்டும்தான் என்றார்கள். மாட்டு வைத்தியர் ஒருவர் தவளையா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கடைசியில், காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில், அசாஹிகாவாவில் ஒரு பெண் வைத்தியர் கிடைத்தார். நிதானமாகப் பேசினார். நாளை காலை கொண்டு வாருங்கள், திறந்து பார்க்கிறேன், காரணம் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்றார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். உடம்பைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும், ஆனால் உறைய விடக் கூடாது.

அரிமுரா தவளையை ஈரத்துணியில் சுற்றி, மூடி போட்ட ஒரு டப்பாவில் வைத்தார்.

அவர் தங்கியிருந்தது ஆலையின் ஆண்கள் விடுதி. அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது. கீழே சமையலறையில் இருப்பது நுமாதா அக்காவின் ஃபிரிட்ஜ். விடுதியைப் பார்த்துக்கொள்வதும் சமைப்பதும் அவர்தான். அறுபது தாண்டியவர், வாய் கொஞ்சம் நீளம். தினமும் சாயங்காலம் அரிமுராவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "உங்க வீட்டம்மா சாப்டாங்களா தம்பி?" என்று கேட்பார். தவளையைத்தான் கேட்கிறார். மேஜையில் இருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், செத்த தவளையை மீனுக்கும் முட்டைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று எப்படிக் கேட்பது?

அவருக்கு வாசல் அறை ஞாபகம் வந்தது. அந்த ஊரில் வீட்டுக் கதவுக்கு வெளியே இன்னொரு கதவு வைத்து, நடுவில் பனிக்காற்றுக்குத் தடுப்பாக ஒரு சின்ன அறை கட்டியிருப்பார்கள். அங்கேதான் விடுதிக்காரர்கள் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பீர் எல்லாம் வைப்பது வழக்கம். உள்ளே கெரசின் அடுப்பு எரிகிற சூட்டில் ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்பார்கள், வாசல் அறை மட்டும் ஜில்லென்று இருக்கும். தெற்கத்திக்காரர் கணக்கில் குளிர்ச்சியான இடம் என்றால் குளிர்ச்சியான இடம், அவ்வளவுதான். அவர் டப்பாவைக் கொண்டுபோய் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். நுமாதா அக்கா பழைய மெத்தை விரிப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். பீர் புட்டிகளை எல்லாம் பக்கத்து அறைக்காரன் ஹோன்மா உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தான். ஏதோ சுத்தம் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அரிமுரா மாடிக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் டப்பாவை எடுத்தபோது உள்ளே ஏதோ கூழாங்கல் மாதிரி இடித்தது.

அவர் அதை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். நுமாதா அக்கா சூப்பு கிண்டிக்கொண்டிருந்தார். ஹோன்மா, முப்பது வயசுப் பையன், உள்ளூர்க்காரன், மேஜையில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, இது கல்லு மாதிரி ஆயிடுச்சு. உறையக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

"வாசல்லயா வெச்சீங்க? நேத்து மைனஸ் இருபத்தஞ்சு தம்பி. டிவி பாக்கலியா? முட்டைக்கோசுக்கே மெத்தை போத்திட்டு வந்தேன்."

"குளிர்ச்சியா இருக்கணும்னு..."

"உறையக் கூடாதுன்னா ஃபிரிட்ஜுல வைக்கறதுக்கென்ன? எங்க ஊர்ல ஃபிரிட்ஜு எதுக்கு வெச்சிருக்கோம்னு நினைச்சீங்க, குளுர வைக்கவா? உறையாம இருக்கத்தான்."

ஹோன்மா சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான். தெற்கேயிருந்து வருகிற ஒவ்வொருத்தரும் முதல் குளிர்காலத்தில் எதையாவது இப்படிக் கெடுப்பார்கள், போன வருஷம் ஒருத்தர் வெங்காயம் ஒரு மூட்டையைக் கெடுத்தார் என்று சொன்னான். நுமாதா அக்காவும் சிரித்துக்கொண்டே வந்து, என்ன அது, டோஃபுவா என்று மூடியைத் திறந்தார்.

துணி விறைத்துப்போய்த் தானாக விலகியிருந்தது. பச்சையாக ஒரு முதுகு தெரிந்தது.

"வீட்டம்மாவா?" என்றார் அவர், குரலே மாறிப்போய்.

அரிமுரா தலையாட்டினார். நுமாதா அக்கா மூடியை மெதுவாக மூடினார். அடுப்பை அணைத்தார். ஹோன்மாவைப் பார்த்து, சிரிச்சது போதும், வாயில இருக்கறத முழுங்கு என்றார்.

அரிமுரா வைத்தியருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். வைத்தியர் கோபப்படாமல் விளக்கினார். உறைந்துவிட்டால் உள்ளே திசு எல்லாம் சிதைந்துவிடும். கரைந்த பிறகு திறந்தால், எது நோயால் வந்தது, எது பனியால் வந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. கொண்டு வந்தாலும் பயனில்லை, வீணாக அலைய வேண்டாம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர்தான் சொன்னார். அரிமுராவும் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். போனைக் காதில் வைத்தபடியே தலைகுனிந்து வணங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் எப்போதோ வைத்துவிட்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டின்போது யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது. கடைசியில் ஹோன்மாதான் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. அசாஹிகாவாவுல ஊர்வன விக்கிற கடை இருக்கு. இதே பச்சையில ஒண்ணு வாங்கி வெச்சிடுங்க. எல்லாத் தவளைக்கும் ஒரே மூஞ்சிதாண்ணே."

"மதோகா கண்டுபிடிச்சிடுவா."

"கேமராவக் கொஞ்சம் தள்ளி வைங்க."

"உனக்குப் பதிலா வேற ஒருத்தன உங்கம்மாகிட்ட அனுப்பி வெச்சா கண்டுபிடிக்க மாட்டாங்களாடா?" என்றார் நுமாதா அக்கா.

"எங்கம்மா சந்தோஷப்படுவாங்கக்கா."

அரிமுராவும் சிரித்துவிட்டார். ஆனால் சாப்பிட்டு முடித்து அறைக்குப் போகாமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காரின் மேலிருந்த பனியைத் தள்ளினார். எஞ்சினைப் போட்டுச் சூடாகட்டும் என்று உட்கார்ந்திருந்தார். கடைக்காரனிடம் என்ன கேட்பது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டார். பச்சை, ஐந்து வயது, இடது கண்ணுக்கு மேலே பிறை மாதிரி ஒரு பழுப்புத் திட்டு. அந்தத் திட்டு எங்கே போனாலும் கிடைக்காது. கண்ணாடியில் பனி கரைந்து வழி தெரிந்த பிறகு அவர் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வந்தார்.

அன்று மீதி நேரம் முழுக்க அவர் அறையிலேயே இருந்தார். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். மண்ணில் ஒன்றும் இல்லை. தீனிப் பையின் தேதியைப் பார்த்தார், சரியாக இருந்தது. கெரசின் வாடையாக இருக்குமோ என்று நினைத்தார். அப்படியென்றால் அடுப்பு பற்றவைக்க ஆரம்பித்த நவம்பரிலேயே செத்திருக்க வேண்டும். ஆலையிலிருந்து வரும்போது கையில் ஏதாவது ஒட்டியிருந்ததா? கையைக் கழுவாமல் அதை ஒருநாளும் தொட்டதில்லை. ஒரு தப்பு கிடைத்தால் தேவலை என்று ஆகிவிட்டது அவருக்கு. தப்பு இருந்தால் அதை அவளிடம் சொல்லிவிடலாம்.

ஞாயிறு சாயங்காலம் மணி அடித்தது.

"காட்டு" என்றாள் மதோகா. பள்ளிச் சீருடையின் கழுத்துப் பட்டியோடு உட்கார்ந்திருந்தாள். தனிப்பயிற்சி வகுப்பிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறாள் போல. அவளுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. அங்கே ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.

அரிமுரா தொட்டிப் பக்கம் திருப்பவில்லை. "மண்ணுக்குள்ள போயிடுச்சு. தூங்குது" என்றார். இதை அவர் காலையிலிருந்து சொல்லிப் பழகியிருந்தார்.

"மூக்கு மட்டும் வெளியே தெரியுமே. மூக்கக் காட்டு."

அரிமுரா கைபேசியை இன்னும் கொஞ்சம் தன் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அப்பா?"

"மதோகா, அது செத்துப்போச்சும்மா."

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"ஏன்?"

"தெரியல."

பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள். எத்தனை டிகிரி இருந்தது, சூட்டுப் பலகை அடியில் இருந்ததா பக்கத்தில் இருந்ததா, எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார், எவ்வளவு நேரம் வைத்திருந்தார், கடைசித் தீனி என்று, முழுதாக விழுங்கியதா, தோல் உரித்ததா, வயிறு உப்பியிருந்ததா, கால் சிவந்திருந்ததா, மலம் எப்படி இருந்தது. அழவில்லை. போலீஸ்காரர் மாதிரி வரிசையாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எதற்கும் அவர் தயங்க வேண்டியிருக்கவில்லை, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பத்து நிமிஷம் என்பது எப்போதோ தாண்டிவிட்டது. அவளும் அவரும் வாழ்நாளில் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அந்தக் கேள்விகள் தீராமல் இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது, தவளை செத்ததற்குத் தான் சந்தோஷப்படுவது மாதிரி.

"எல்லாம் சரியாதாம்பா பண்ணியிருக்க. அப்புறம் ஏன்?" என்றாள். "டாக்டர்கிட்டக் கொண்டுபோலியா?"

அவர் வாசல் அறைக் கதையைச் சொன்னார். சுருக்கிச் சொல்லவில்லை. குளிர்ச்சியாக வைக்கச் சொன்னது, நுமாதா அக்காவிடம் கேட்கக் கூச்சப்பட்டது, முட்டைக்கோசுக்கு மெத்தை போர்த்தியது, காலையில் டப்பாவுக்குள் இடித்தது எல்லாவற்றையும்.

"மைனஸ் இருபத்தஞ்சுன்னு நானே டிவில பாத்தேன்" என்றாள் அவள். "நீ அங்கயே இருக்க."

"ஆமா."

"அப்போ ஏன்னு இனிமே யாருக்குமே தெரியாது."

"ஆமாம்மா. தெரியாது."

அவள் கீழே குனிந்தாள். தலைவகிடு மட்டும் தெரிந்தது. தோள் அசைகிறதா என்று அவர் பார்த்தார். திரையில் சரியாகத் தெரியவில்லை. பின்னால் ரிட்சுகோ ஏதோ கேட்டாள், மதோகா ஒண்ணுமில்ல என்றாள். பேச்சு முடியப்போகிறது என்று அரிமுராவுக்குப் புரிந்தது. இப்போது கேட்காவிட்டால் அப்புறம் கேட்க முடியாது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடுவியா?"

மதோகா நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"எதுக்கு?"

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், காட்டுவதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மாட்டியிருந்த கோட்டு.

"சும்மாதான்."

"சும்மான்னா என்ன பேசறது?"

"தெரியல" என்றார் அவர் மறுபடியும்.

"பாக்கலாம்பா. படிக்கணும்" என்றாள். திரை இருண்டது. அதில் அவர் முகமே தெரிந்தது, கீழேயிருந்து பார்த்தால் தெரிகிற கிழட்டு முகம்.

அவர் ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று நுமாதா அக்காவிடம் கேட்டார். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டே, இப்போது மண்வெட்டியால் ஆகாது, மண் இரும்பாகக் கிடக்கிறது, ஏப்ரல் கடைசியில்தான் வாயைத் திறக்கும் என்றார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது மலையோரக் கிராமங்களில் குளிர்காலத்தில் இறந்தவர்களையே பனி விடுகிற வரைக்கும் வைத்திருப்பார்களாம்.

"இங்கயே இருக்கட்டும் தம்பி. நான் யாரையும் தொட விடமாட்டேன்."

வாசல் அறையின் மேல்தட்டில் கோஸுகளைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார். டப்பாவை வைத்த பிறகு இரண்டு பேரும் ஒரு முறை கை கூப்பினார்கள். குளிரில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"பொண்ணு என்ன சொன்னா?"

"எல்லாம் சரியாதான் பண்ணியிருக்கேன்னு சொன்னா."

"அப்புறம் என்ன?"

அவர் உள்கதவைத் திறந்து சமையலறைக்குள் வந்தார். நுமாதா அக்கா ஒரு கிண்ணத்தில் சூடாக ஏதோ ஊற்றிக் கொடுத்தார். அரிமுரா அதை அறைக்குக் கொண்டுபோய்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து குடித்தார். சூட்டுப் பலகை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து யாருக்காக என்று தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் கையை வைத்தால் இளஞ்சூடாக இருந்தது. அவர் அதன் ப்ளக்கைப் பிடுங்கினார். கை வைத்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில் மதோகா கூப்பிட்டாள். திங்கட்கிழமை. ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் அரிமுராவின் கைபேசி உடைமாற்றும் அறையில், பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. மணி அடித்து நின்றது.